அச்சமும் ஊக்கமும்: சத்திரசிகிச்சை பயிலத் தொடங்குவோரை முன்வைத்துச் சில எண்ணங்கள்

மனிதர் கற்கும் தொழில்கள் பலவற்றில், தொடக்கத்திற் செய்தவற்றை அழித்துவிட்டு மறுபடி செய்வதற்கு இடமுண்டு. கவிதை எழுதுபவர் தாளைக் கிழித்தெறியலாம். தச்சர் பலகையை மாற்றலாம். பரிசோதனைச்சாலையில் நிற்கும் மாணவர் கரைசலைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். சத்திரசிகிச்சை பயில்பவருக்கோ இச்சலுகை மிகச் சிறிதளவே உண்டு. அவர் கத்தியை வைக்கும் இடம், நேற்று மாலை தம்மோடு பேசிய ஒருவரின் உடல். அவ்வுடலுக்குரியவர் மயக்கத்திற் கிடக்கிறார். அவருடைய உறவினர் வெளியே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். இந்நிலையில், தொழிலின் வாசலில் நிற்பவருக்கு அச்சம் தோன்றாதிருந்தால் அதுவே வியப்புக்குரியது. அந்த அச்சத்தை என்ன செய்வது, அதனைத் தாங்குவதற்கு மற்றவர்கள் எவ்வாறு உதவலாம் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் இதனை எழுதுவதற்குக் காரணம் கூறவேண்டும். இம்மலரை வாசிப்போர் எல்லாப் பீடங்களையும் சேர்ந்தவர்கள். அவர்களுட் சிலர் நாளை சத்திரசிகிச்சை விடுதியிற் கடமையேற்பர். வேறு சிலர் ஆசிரியராகவும் பொறியியலாளராகவும் நிருவாகியாகவும் பொறுப்பேற்பர். ஏனையோர் என்றோ ஒருநாள் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ அவ்விடுதிக்கு வரக்கூடும். எனவே இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய விடயமன்று. நான் அத்துறையிற் பயிலுநனாகவும் பின்னர் பயிற்றுபவனாகவும் இருந்தவன். இருபுறத்திலும் நின்று பார்த்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலிற் பயிற்சியின் ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறுதல் நன்று. இலங்கையில் மருத்துவபீடத்தை விட்டு வெளியேறும் ஒருவர், முழுமையான பதிவைப் பெறுமுன் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெறுகிறார். அவ்வாண்டு ஆறு மாதங்கள் கொண்ட இரு பகுதிகளாக அமைகிறது. சத்திரசிகிச்சையைத் தம் துறையாகக் கொள்ள விரும்புவோர், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1980 இல் நிறுவப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சையிற் சித்தியடைந்து பயிலுநராகின்றனர். விடுதியில் இவர்களை 'றெஜிஸ்ரார்' என அழைப்பர். சில ஆண்டுகள் விடுதியிலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் உழைத்து, இறுதிப் பரீட்சையிலும் தேறி, வெளிநாட்டிலும் பயிற்சி பெற்ற பின்னரே அவர்கள் நிபுணராகின்றனர்.

இப்பாதையில் அச்சம் இரண்டு இடங்களில் இரண்டு வகையாக எதிர்ப்படுகிறது. உள்ளகப் பயிற்சியின் முதல் வாரத்தில் வரும் அச்சம், என்ன செய்வதென்று தெரியாமையின் அச்சம். நாளத்திற் குழாய் செலுத்துவதும், குருதி மாதிரியை உரிய போத்தலில் இடுவதும், எந்தப் படிவத்தில் யார் கையொப்பமிடுவது என்பதும் அப்போது பெரும் புதிர்களாகத் தோன்றும். ஆயினும் அந்நிலையில் ஓர் ஆறுதல் உண்டு. "புதியவர்தானே" என்று எல்லாரும் பொறுத்துக்கொள்வர். றெஜிஸ்ராராக வந்து நிற்கும்போது அவ்வாறுதல் நீங்கிவிடுகிறது. இப்போது அவருடைய சொல்லைப் பிறர் நம்பிச் செயற்படுகின்றனர். "இவரை இன்றிரவே கூடத்துக்குக் கொண்டுபோகவேண்டுமா, விடியும்வரை பொறுக்கலாமா?" என்று தாதி கேட்கும்போது, பதில் கூறவேண்டியவர் தாமே என்பதை அவர் உணர்கிறார். செய்யத் தெரியாமை பற்றிய அச்சம் பழக்கத்தால் நீங்கும். முடிவெடுத்தல் பற்றிய அச்சம் அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை.

இவ்வச்சத்தைக் கூர்ந்து நோக்கினால் அதனுள் மூன்று இழைகள் இருப்பதைக் காணலாம். ஒன்று, தம் கை தமக்குக் கீழ்ப்படியுமோ என்ற ஐயம். இரண்டாவது, தம்மால் நோயாளிக்குக் கேடு விளையுமோ என்ற கவலை. மூன்றாவது, பிறர் முன்னிலையில் தாம் சிறுமைப்பட நேருமோ என்ற கூச்சம். வள்ளுவர் 'அவையஞ்சாமை' என ஓர் அதிகாரம் வகுத்து, அவைக்கு அஞ்சிக் கற்றதைப் பயன்படுத்தமாட்டாத நிலையை இழித்துரைத்தார். அவரே 'அறிவுடைமை' அதிகாரத்தில், அஞ்சவேண்டியதற்கு அஞ்சும் பண்பை அறிவுடையோருக்கு உரியதாக்கினார். இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நோயாளியின் பொருட்டு அஞ்சுவது அறிவு. தன் மதிப்பின் பொருட்டு அஞ்சுவது தடை. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் எழுவதனாலேதான் இளம் வைத்தியர் குழப்பமடைகிறார்.

கையைப் பற்றிய ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லா மனிதரின் கைகளும் எந்நேரமும் கண்ணுக்குப் புலப்படாதவாறு நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. செக்கனுக்கு ஏறத்தாழ 8 முதல் 12 தடவை நிகழும் இவ்வசைவு நோயன்று, உடலின் இயல்பு. அச்சம் ஏற்படும்போது குருதியிற் கலக்கும் அதிரீனலின் இந்நடுக்கத்தைப் பெருப்பிக்கிறது. மிகுதியாகக் குடித்த கோப்பியும் நித்திரைக் குறைவும் அவ்வாறே செய்யும். புதிதாக வந்தவர் தம் விரல்நுனி அசைவதைக் கண்டு, தாம் இத்தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று முடிவுசெய்துவிடுகிறார். அனுபவமிக்க நிபுணரின் கையும் நடுங்குகிறது என்பதையும், அந்நடுக்கத்தை அவர் ஒரு முறையினால் அடக்கிக்கொள்கிறார் என்பதையும் எவரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். அம்முறையோ மிக எளியது. முன்கைக்கோ மணிக்கட்டுக்கோ ஓர் ஆதாரம் தேடிக்கொள்ளல். சுண்டுவிரற் பக்கத்தை அறுவைப் பகுதியின் ஓரத்திற் பதித்துக்கொள்ளல். கருவியை இறுக்கிப் பிடிக்காதிருத்தல். மூச்சை அடக்காமல் விடுதல். "தைரியமாக இரும்" என்ற பொதுவான அறிவுரையிலும் பார்க்க, "முழங்கையை உடம்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும்" என்ற ஒரு வாக்கியம் பயனுடையதாகும்.

முடிச்சிடுதலும் அத்தகையதே. பயிலுநர் விடுதி அறைகளிற் கட்டிற்காலிலும் கதிரைக் கையிலும் மேசை இழுப்பறையின் பிடியிலும் நூல் முடிச்சுகள் வரிசையாகத் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். இரவில் வானொலியைக் கேட்டுக்கொண்டே ஒரு கையாலும் இரு கையாலும் நூற்றுக்கணக்கில் முடிச்சிடுவர். இப்பயிற்சியின் நோக்கம் வேகமன்று. கை தானாகவே முடிச்சிடப் பழகிவிட்டால், மனம் வேறொன்றைக் கவனிக்க விடுதலை பெறுகிறது. அச்சம் மிகும்போது மனம் ஒடுங்கி, ஒரே புள்ளியைப் பார்க்கத் தொடங்கும். குருதி கசிவது அடுத்த மூலையிலாக இருக்கலாம். கைகளுக்குப் பழக்கம் இருந்தால் அம்மூலையையும் கண்கள் காணும்.

அச்சம் தொடக்கநிலையாளருக்கு மட்டும் உரியதென்று எண்ணுவதும் பிழை. 18 ஆம் நூற்றாண்டின் இலண்டனில், சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றுவதிற் பெரும் புகழ் ஈட்டியவர் வில்லியம் செசல்டன் (1688–1752). உணர்விழக்கச் செய்யும் மருந்து எதுவும் இல்லாத காலத்தில், விழித்திருக்கும் நோயாளியிடமிருந்து ஏறத்தாழ ஒரு நிமிடத்திற் கல்லை எடுத்துவிடுவார் எனப் பெயர் பெற்றவர். அத்தகையவரே, சத்திரசிகிச்சைக்கு முன்னர் தம்மைப்போல மனக்கலக்கமும் குமட்டலும் அடைந்தவர் எவருமிரார் என்றும், தொழிலைத் தொடங்கிய கணத்திலிருந்து அக்கலக்கம் அகன்றுவிடும் என்றும் எழுதிவைத்தார். 1846 ஒக்டோபர் 16 ஆந் திகதி பொஸ்ரன் நகரில் ஈதர் மயக்கம் பலர் முன்னிலையிற் காட்டப்பட்டபின் நோயாளியின் ஓலம் அடங்கியது. வைத்தியரின் கலக்கம் அதனோடு அடங்கிவிடவில்லை. அது தொழிலோடு கூடவே வருவது.

இன்று உலகெங்கும் வழங்கும் பயிற்சிமுறைக்கு வித்திட்டவர் வில்லியம் ஹோல்ஸ்ரெட். 1889 இல் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், பயிலுநர் வைத்தியசாலையிலேயே தங்கியிருந்து, ஆண்டுக்காண்டு படிப்படியாகப் பொறுப்பு ஏற்கும் ஒழுங்கை அவர் ஏற்படுத்தினார். அச்சத்தை அளந்து கொடுக்கும் முறை என்று அதனைக் கூறலாம். இன்று பிடித்துக்கொடுப்பவர் நாளை தைப்பார், மறுநாள் திறப்பார், பின்னர் ஒருநாள் தாமே முடிவெடுப்பார். இது அம்முறையின் சிறப்பு. அதனோடு ஒரு குறையும் வளர்ந்தது. வைத்தியசாலையே வீடாக இருக்கவேண்டும், நித்திரையின்மை வீரம், களைப்பைச் சொல்வது கோழைத்தனம் என்ற எண்ணங்கள் அத்துடன் வேரூன்றின. 1984 இல் நியூயோர்க்கில் 18 வயது மாணவி ஒருவர், நீண்ட நேரம் கடமையிலிருந்த இளம் வைத்தியர்களின் பராமரிப்பில் இறந்தமை பெரும் விவாதத்தை எழுப்பியது. 2003 இல் அமெரிக்கா முழுவதிலும் பயிலுநரின் வேலைநேரம் வாரத்துக்குச் சராசரி 80 மணி என வரையறுக்கப்பட்டது. எண்பது மணித்தியாலங்கள் ஒரு சலுகையாகக் கருதப்பட்டதிலிருந்தே முந்திய நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அதே 1889 ஆம் ஆண்டில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து விடைபெற்ற வில்லியம் ஒஸ்லர், வைத்தியருக்கு வேண்டிய மனச்சமநிலை பற்றி மாணவர்க்கு ஆற்றிய உரை புகழ்பெற்றது. எந்த நெருக்கடியிலும் முகம் மாறாதிருத்தல் வைத்தியரின் முதற்பண்பு என்பது அவர் கருத்து. அவ்வுரையைப் பின்வந்தோர் பலர் அரைகுறையாகவே விளங்கிக்கொண்டனர் என்பது என் எண்ணம். நோயாளி முன்னிலையில் முகம் அமைதியாக இருக்கவேண்டும் என்பது உண்மை. அதனால் ஆசிரியரிடமும் அச்சத்தை மறைக்கவேண்டும் என்பது பெறப்படாது. நோயாளிக்குக் காட்டவேண்டிய அமைதியை மேலதிகாரிக்கும் காட்டப் புகும்போதுதான் ஆபத்துத் தொடங்குகிறது.

இதனை என் அனுபவங்கொண்டு விளக்குகிறேன். நான் றெஜிஸ்ராராகக் கடமையேற்ற விடுதியின் நிபுணர் அதிகம் பேசாதவர். முதல் நாள் காலை விடுதியைச் சுற்றிப்பார்த்து முடித்ததும் என்னைத் தனியே அழைத்து, "எத்தினை மணியெண்டாலும் கூப்பிடும். தேவையில்லாமல் கூப்பிட்டனீர் எண்டு ஒருநாளும் சொல்லமாட்டன். கூப்பிடாமல் விட்டால்தான் கேள்வி கேட்பன்" என்றார். இவ்வாறு சொல்பவர் பலர். அச்சொல் மெய்யா என்பது இரவு இரண்டு மணிக்குத்தான் தெரியவரும்.

அவ்விரவு சில வாரங்களின் பின் வந்தது. கவட்டுப் பகுதியிற் குடலிறக்கம் இறுகிய நிலையில் முதியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இறுகிய குடலுக்குக் குருதி செல்லாதுபோனால் அது சில மணித்தியாலங்களில் அழுகத் தொடங்கும், காலந்தாழ்த்த முடியாது. நான் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் மூன்று கேள்விகள் வந்தன. "என்ன பார்த்தீர்? என்ன நினைக்கிறீர்? என்ன செய்யப்போறீர்?" பதில்களைக் கேட்டுவிட்டு, "சரி, ஆளை ஆயத்தப்படுத்தும், வாறன்" என்றார். இருபது நிமிடத்தில் வந்தார். கூடத்தில் நான் வழக்கம்போல உதவியாளர் நிற்கும் பக்கத்துக்குச் செல்ல, "நீர் அந்தப் பக்கம் நில்லும்" என்று சொல்லிவிட்டு, என் இடத்தில் தாம் வந்து நின்றார்.

நல்ல உதவியாளர் ஒருவர் எதிரே நின்றால், பயிலுநரின் கை தனக்கு இல்லாத திறமையையும் பெற்றதுபோல் இயங்கும் என்பதை அன்று அறிந்தேன். எந்த இழையத்தை எந்தத் திசையில் மெல்ல விலக்கிப் பிடித்தால், வெட்டவேண்டிய தளம் தானாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பிடித்துக் காட்டிய இடத்தை நான் வெட்டினேன்; முடிவெடுத்தவன் நானே என்ற உணர்வும் எனக்கு இருந்தது. அவ்வொன்றரை மணி நேரத்தில் அவர் பேசியது சில வார்த்தைகளே. "அவசரமில்லை." "நூலை இழுக்காதேயும், படுக்கவிடும்." "குடலின் நிறத்தை இன்னொருக்காப் பாரும்." இறுகியிருந்த வளையத்தை விடுவித்தபின், கறுத்திருந்த குடல் மெல்லச் சிவக்கும்வரை இருவரும் ஈரத்துணியால் மூடிவிட்டுக் காத்து நின்றோம். முடிந்தபின் அவர் என்னைப் பாராட்டவில்லை. "விடிய எல்லாருக்கும் முதல் இவரைப் போய்ப் பாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்த வயதிலும், எனக்குக் கிடைத்த ஊக்கங்களுள் அதனையே பெரிதென்று கருதுகிறேன்.

இதற்கு மறுதலையான ஒன்றும் என் நினைவிலுண்டு. வேறொரு வைத்தியசாலையிற் கடமையாற்றிய நண்பர் ஒருவர், நள்ளிரவில் நிபுணரை அழைத்ததற்காக மறுநாட் காலையில், தாதியரும் நோயாளரும் கேட்டுநிற்க, கடுமையாக ஏளனஞ் செய்யப்பட்டார். சில நாட்களின் பின், சத்திரசிகிச்சை முடிந்த ஒருவரின் நாடித்துடிப்பு இரவில் ஏறத் தொடங்கியது. 96, பின்னர் 110, பின்னர் 124. சிறுநீரின் அளவு குறைந்தது. வயிற்றினுள்ளே குருதி கசிகிறது என்று நண்பர் ஐயுற்றார். எண்களைப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதினார். இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று காத்திருந்தார். அவருடைய அறிவில் எக்குறையுமில்லை. அவருக்குத் தெரிந்தது, அவர் எழுதிய எண்களிலேயே இருந்தது. தெரிந்ததைச் சொல்லத் துணிவில்லாதபடி அவர் ஆக்கப்பட்டிருந்தார். ஈற்றில், விடுதிக்குப் பொறுப்பாயிருந்த மூத்த தாதி, "டொக்டர், நான் கூப்பிடுறன். என்னைப் பேசினால் பேசட்டும்" என்று தொலைபேசியை எடுத்தார். நோயாளி மீண்டும் கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்தார். அந்த அம்மையாரின் துணிவில் ஓர் உயிர் தங்கியிருந்தது. எல்லா விடுதியிலும் எல்லா இரவிலும் அத்தகைய ஒருவர் இருப்பார் என்று நாம் எதிர்பார்க்கலாகாது.

இங்குதான் இவ்விடயத்தின் பாரதூரம் புலனாகிறது. இளம் வைத்தியரை ஊக்குவித்தல் என்பதை அவருடைய மனத்தை மகிழ்விக்கும் ஒரு நற்செயலாகவே பலர் கருதுகின்றனர். மூத்தவரின் ஏளனம் இளையவரின் நெஞ்சைப் புண்படுத்துவதோடு நின்றுவிடுமாயின், அதனைக் காலம் ஆற்றும். ஆனால் அவ்வேளனம் அடுத்த இரவில் ஒரு தொலைபேசி அழைப்பைத் தாமதிக்கச் செய்கிறது. அத்தாமதத்தின் விலையைச் செலுத்துபவர் இவ்விருவரும் அல்லர். கட்டிலிற் படுத்திருக்கும் மூன்றாமவர்.

"நாங்கள் ஏச்சுக் கேட்டே வளர்ந்தோம், அதனாலேயே தேறினோம்" என்று மூத்தோர் சிலர் கூறுவதுண்டு. இதனை எளிதில் ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. சத்திரசிகிச்சையிற் கண்டிப்பு வேண்டும். கைகழுவுவதிற் குறைவைத்தவரைத் திரும்பவும் கழுவச் சொல்வதில் இரக்கத்துக்கு இடமில்லை. தையல் சரியில்லை என்றால் அதனை வெட்டி மறுபடி தைக்கச் சொல்வதே ஆசிரியரின் கடமை. எனினும் "இந்தத் தையல் சரியில்லை" என்பதற்கும் "நீர் இதற்கு லாயக்கில்லை" என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடுண்டு. முன்னையது திருத்தக்கூடிய ஒரு பொருளைச் சுட்டுகிறது. பின்னையதைக் கேட்பவர் திருத்துவதற்கு எதுவுமில்லை, ஒளிப்பதற்கு மட்டுமே உண்டு. மேலும், ஏச்சுக் கேட்டுத் தேறியவர்களையே நாம் இன்று காண்கிறோம். அதனாற் கைவிட்டுச் சென்றவர்கள் நம்முன் நின்று சாட்சி சொல்வதில்லை.

வெறும் புகழ்ச்சியும் ஊக்கமாகாது. தம் கை தடுமாறியதை அறிந்த ஒருவரிடம் "மிக நன்றாகச் செய்தீர்" என்று சொன்னால், அடுத்த முறை உண்மையாகவே நன்றாகச் செய்ததைச் சொல்லும்போதும் அவர் நம்பமாட்டார். மூத்தவர் தரக்கூடிய ஊக்கம் மூன்று வகைப்படும் என்று நினைக்கிறேன்: உண்மையானதும் குறிப்பானதுமான திருத்தம், தாங்கக்கூடிய அளவிலான பொறுப்பு, அழைத்தால் வருவேன் என்ற வாக்கைக் காத்தல். இவற்றுள் மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் பயன்படா.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் முறைமைகள் பலவும், முன்னோர் அடைந்த அச்சத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த வேலைகளே எனலாம். துணித்துண்டு எதுவும் உடலினுள் தங்கிவிடுமோ என்ற அச்சம், தொடங்குமுன்னும் மூடுமுன்னும் எண்ணிப்பார்க்கும் வழக்கமாயிற்று. இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கத்தை வெட்டிவிடுவோமோ என்ற அச்சம், நோயாளி விழித்திருக்கும்போதே உரிய பக்கத்தை மையினாற் குறிக்கும் வழக்கமாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இவற்றையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்தது. எட்டு நாடுகளின் எட்டு நகரங்களிலுள்ள வைத்தியசாலைகளில் அதனைப் பயன்படுத்திப் பார்த்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சையின் பின்னான இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், பெருஞ் சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்தன.

அப்பட்டியலில் என் மனத்தைக் கவர்ந்த ஒரு விதியுண்டு. கத்தி வைக்குமுன், கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் பணியையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். முதலிற் கேட்பவருக்கு இது சடங்குபோலத் தோன்றும். ஆயினும் ஒருமுறை வாய்திறந்து தம் பெயரைச் சொன்னவர், பின்னர் ஏதேனும் பிழையாகத் தோன்றினால் மறுமுறையும் வாய்திறப்பது எளிதாகிறது. நேற்று வந்த பயிலுநரும், ஓரத்தில் நிற்கும் தாதியும் அவ்வுரிமையைப் பெறுகின்றனர். 'மருந்து' அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. மருத்துவரை அவர் நால்வருள் ஒருவராகவே வைத்தார். முழுச்சுமையும் தம் தோளில் மட்டும் இருப்பதாக எண்ணி நடுங்கும் இளைஞருக்கு இது ஓர் ஆறுதலாகும்.

பெண்கள் இத்துறையிற் பயிலத் தொடங்கும்போது இன்னுமொரு சுமையும் சேர்கிறது. விடுதியைப் பார்வையிட்டு, சத்திரசிகிச்சையை விளக்கி, ஐயங்களுக்குப் பதில் கூறி முடித்த பின்னர், "டொக்டர் எப்ப வருவார், பிள்ளை?" என்று கேட்கப்படும் அனுபவம் அவர்களுட் பலருக்குண்டு. கேட்பவரிடம் வன்மமில்லை, பழக்கமே அவ்வாறு கேட்கச் செய்கிறது. அருகில் நிற்கும் மூத்தவர், "உங்களுடைய டொக்டர் இவதான்" என்று ஒரு சொற் சொல்வாராயின், அது அப்பெண்ணுக்கு மட்டுமன்றி நோயாளிக்கும் நம்பிக்கை தரும்.

நோயாளியிடமிருந்தும் ஊக்கம் வருவதுண்டு என்பதைக் கூறாதுவிடின் இக்கட்டுரை நிறைவுறாது. பித்தப்பைக் கல்லுக்காக அனுமதிக்கப்பட்டிருந்த மூதாட்டி ஒருவர், சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மாலை என்னை உற்றுப் பார்த்து, "தம்பி, நீங்களோ வெட்டப்போறியள்?" என்று கேட்டார். "பெரிய டொக்டரும் நானும் சேர்ந்து செய்யிறம், அம்மா" என்றேன். சிறிது யோசித்துவிட்டு, "அப்ப இரண்டு பேரும் வடிவாச் சாப்பிட்டிட்டு வாங்கோ. எனக்குத்தானே பட்டினி" என்றார். அஞ்சவேண்டியவர் அவர், ஆறுதல் கூறியவரும் அவரே. மறைக்காமற் சொன்ன ஒரு பதிலுக்கு அவர் தந்த கைம்மாறு அது.

அவ்வுரையாடல் அவருடைய மொழியிலேயே நிகழ்ந்தது என்பதும் கருதற்பாலது. நாம் உடற்கூற்றையும் நோய்களையும் ஆங்கிலத்திற் கற்கிறோம். நோயாளியின் அச்சமோ தமிழிலும் சிங்களத்திலும் பேசுகிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1867 இல் வெளிவந்த 'இரண வைத்தியம்' சத்திரசிகிச்சையைத் தமிழில் எடுத்துரைத்த நூல். அவர் ஆக்கிய கலைச்சொற்கள் பல இன்று வழக்கிழந்திருக்கலாம். எனினும், வைத்தியர் தம் மக்களின் மொழியிற் சிந்திக்கவும் பேசவும் வேண்டும் என்ற அவருடைய கொள்கை பழுதானதன்று. "ஆபத்து இவ்வளவு, பயன் இவ்வளவு, நாங்கள் அருகில் இருப்போம்" என்பதைத் தடங்கலின்றித் தாய்மொழியிற் சொல்லப் பழகிய பயிலுநர், அதைச் சொல்லும்போதே தம் எண்ணத்தையும் தெளிவாக்கிக்கொள்கிறார். தெளிவு வந்த அளவுக்கு நடுக்கம் குறைகிறது.

இவ்வாண்டு சத்திரசிகிச்சை விடுதியில் முதன்முறையாகக் கடமையேற்கவிருக்கும் இளம் நண்பர்களுக்குச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். உங்கள் அச்சத்தைக் குற்றமாகக் கருதாதீர்கள். அதற்கு வேலை கொடுங்கள். முதல்நாள் மாலையில் நோயாளியை ஒருமுறை கூடுதலாகப் போய்ப் பார்ப்பதற்கும், செய்யவேண்டிய படிகளை ஒரு தாளில் எழுதிப்பார்ப்பதற்கும், இன்னும் ஐம்பது முடிச்சு இடுவதற்கும் அதனைப் பயன்படுத்துங்கள். உண்டு உறங்குங்கள், களைத்தால் களைத்ததென்று சொல்லுங்கள். தாதியர் சொல்வதைக் கேளுங்கள். அவர்கள் உங்களைப்போன்ற பலரைக் கண்டவர்கள். ஐயம் வந்தால் அழையுங்கள். அழைத்ததற்காக ஏச்சு வாங்க நேர்ந்தாலும், நோயாளியின் பொருட்டு வாங்கிய ஏச்சு அது என்று எண்ணி மறுமுறையும் அழையுங்கள்.

இன்று இதனை வாசிக்கும் நீங்கள் சில ஆண்டுகளில் மூத்தவராவீர்கள். பீடம் எதுவாயினும் அது நிகழும். உங்கள் முன்னே ஓர் இளைஞர் வந்து, தமக்குத் தெரியவில்லை என்று சொல்வார். அவ்வேளையில் உங்கள் முகத்தில் தோன்றுவது என்ன என்பதை அவர் கவனித்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை அவர் வருவாரா, வராமல் விடுவாரா என்பது அப்போதே முடிவாகிவிடும்.